பித்தப்பையை எடுத்த பிறகு உடம்பு போடுகிறதே! அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தப்பையை எடுத்துக்கொண்டவர்கள் முதல் வாரத்தில் தையலைப் பற்றிக் கேட்பார்கள். முதல் மாதத்தில் சாப்பாட்டைப் பற்றி. ஆறாவது மாதத்தில், கொஞ்சம் தயங்கி, எடையைப் பற்றி. எனக்கும் எடுத்தாயிற்று, நானும் இதே வரிசையில்தான் கேட்டேன். அதன்பின் படித்தது, மருத்துவர்களைத் துளைத்தெடுத்துத் தெரிந்துகொண்டது, சொந்த வயிறு கற்றுக்கொடுத்தது எல்லாம் சேர்ந்ததுதான் கீழே வருவது. நான் மருத்துவர் இல்லை. இங்கே இருப்பதும் உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் இருப்பதும் முட்டினால் தாள் சொல்வதையே கேளுங்கள். அதை எழுதியவர் உங்கள் வயிற்றுக்குள் பார்த்தவர்.

பித்தப்பையை எடுத்தால் உடம்பு போடுமா?

பலருக்குப் போடுகிறது. எல்லோருக்கும் இல்லை. சிலர் இளைக்கவும் செய்கிறார்கள்.

1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற அறுவை மருத்துவர், 16 ஆண்டுகளாகப் பித்தப்பை வலியில் அவதிப்பட்ட 43 வயதுக்காரர் ஒருவருக்கு முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். வலியால் இளைத்துப்போயிருந்த அந்த மனிதர் சில வாரங்கள் கழித்து மருத்துவமனையை விட்டுப் போனபோது வலி இல்லை, எடையும் கூடியிருந்தது. ஆக, இந்த அறுவை சிகிச்சையின் முதல் நோயாளியே உடம்பு போட்டுத்தான் வீடு திரும்பினார்.

அவர் கதையில் பாதி விடை இருக்கிறது. வலி இருந்தவரை சாப்பிட முடியாது. வலி போனதும் சாப்பிட முடிகிறது. பை இல்லாததால் கொழுப்பு நேராக இடுப்பில் போய்ப் படிகிறது என்பது நடக்காத காரியம். அது சரியாகச் செரிக்காமல் போனால் மலத்தில்தான் வெளியேறும், எடை குறையத்தான் செய்யும்.

பையே இல்லாமல் கொழுப்பு எப்படிச் செரிக்கிறது?

பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை அது சுரக்கிறது. பித்தப்பை வெறும் சேமிப்பு இடம். 30 முதல் 50 மில்லி வரை பிடிக்கும். உள்ளே வந்த பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கும். கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, பையைச் சுருங்கச் சொல்லும். உடனே ஒரு மொத்தப் பாய்ச்சல்.

பையை எடுத்த பிறகு நிலைமை, மாதச் சம்பளக்காரர் தினக்கூலிக்கு மாறியது போலத்தான். வருமானம் அதேதான். சில்லறைச் செலவுக்குத் தட்டுப்பாடு இல்லை. ஒரே நாளில் பெரிய செலவு வந்தால் மட்டும் கையைக் கடிக்கும். பித்தநீர் இப்போது நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் குடலுக்கு வருகிறது. அளவான கொழுப்புக்கு அது போதும். ஒரே வேளையில் நிறைய எண்ணெய் இறங்கினால் திணறும். சாப்பாட்டு அறிவுரைகள் முக்கால்வாசியும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

அப்படியானால் எனக்கு ஏன் எடை கூடியது?

ஒரே காரணம் இருக்காது. பெரும்பாலும் நான்கைந்து சேர்ந்து வேலை செய்கின்றன, அவற்றில் சில உங்களுக்குத் தெரியாமலே.

முதலாவது, மேலே சொன்னது. பித்தப்பையில் கல் இருந்த காலத்தில் எண்ணெயைப் பார்த்தாலே பயந்து பாதித் தட்டோடு எழுந்திருப்பீர்கள். அது யாரும் சொல்லாமலே நீங்கள் இருந்த பத்தியம். பத்தியம் முடிந்தது. இப்போது ஏறுவதில் ஒரு பகுதி, வலியால் இழந்த எடை திரும்பி வருவது. வலி தொடங்குவதற்கு முன் எவ்வளவு இருந்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பழைய அளவுக்கு வந்து நின்றுவிட்டதா, அதையும் தாண்டி ஏறுகிறதா? இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

இரண்டாவது, கொழுப்பைக் கண்டு பயந்து மாவுப்பொருளிடம் சரணடைவது. இதில் நானே விழுந்தேன். எண்ணெய் ஆகாது என்று சொல்லிவிட்டார்களே என்று முதல் இரண்டு மாதம் ரொட்டி, பிஸ்கட், சர்க்கரை போட்ட பானம், வெள்ளைச் சோறு என்று ஓட்டினேன். வயிறு சமத்தாக இருந்தது, எடைக் கருவி இருக்கவில்லை. மாவும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 என்ற கணக்கில் கொழுப்புதான் குற்றவாளி போலத் தெரியும். ஆனால் கொழுப்பு இல்லாத உணவு சீக்கிரம் பசியைத் திருப்பிக் கொண்டுவரும், அதனால் கை மறுபடி டப்பாவுக்குப் போகும். பிஸ்கட்டில் கொழுப்பு இல்லை என்று நினைத்ததும் என் அறியாமைதான். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

மூன்றாவது, ‘சிறிய அளவில் அடிக்கடி சாப்பிடுங்கள்’ என்ற அறிவுரை. ‘அடிக்கடி’ மனதில் நின்றுவிடும், ‘சிறிய அளவு’ மறந்துவிடும். மூன்று வேளை அப்படியே இருக்க, நடுவில் இன்னும் மூன்று முளைத்துக்கொள்ளும். தினமும் 150 கலோரி கூடுதலாகப் போனாலே மாதத்துக்கு 4,500. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது என்று வைத்தால், அது மாதம் அரைக் கிலோவுக்கும் மேல். உண்மையில் உடம்பு இவ்வளவு நேர்க்கணக்காக நடக்காது. ஆனால் ஏறும் திசை இதுதான்.

நான்காவது, ஓய்வு பழக்கமாகிவிடுவது. கனம் தூக்காதே, குனியாதே என்று சொன்ன கெடு சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. சொன்னவர்களே அதை மறந்திருப்பார்கள், நாம் மட்டும் ஆறு மாதம் கடைப்பிடிப்போம்.

ஐந்தாவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுவே. பித்தப்பைக் கல்லில் பெரும்பான்மை கொலஸ்ட்ரால் கல். அதிக எடை, இன்சுலின் எதிர்ப்பு, சர்க்கரை நோய், உடல் அசைவின்மை ஆகியவை அந்தக் கல்லுக்கு வழி விடுபவை. கல்லையும் பையையும் எடுத்துவிட்டார்கள். கல்லை வளர்த்த உடம்பு அப்படியே இருக்கிறது. எடை ஏறும் போக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்கியிருக்கும். நடுவில் வலி அதற்குக் கொஞ்ச காலம் தடை போட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளே 2 கிலோ ஏறியிருக்கிறதே?

அது சதை இல்லை, நீர். நரம்பு வழியாக ஏற்றிய சலைன், அறுவையின் காரணமாக உடம்பு பிடித்து வைக்கும் நீர், சில நாள் மலம் கழியாதது எல்லாம் சேர்ந்த கணக்கு. வயிறு ஊதித் தெரிவதற்கு, லேப்ராஸ்கோப்பிக்காக (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) உள்ளே செலுத்திய கரியமில வாயுவின் மிச்சமும் ஒரு காரணம். தோள்பட்டை வலிப்பதும் அதனால்தான். இரண்டும் சில நாட்களில் தணிந்துவிடும். முதல் இரண்டு வாரம் எடைக் கருவியில் ஏறாமலே இருங்கள்.

ஒரே ஒரு விலக்கு: வயிறு நாளுக்கு நாள் வீங்கி, வலியும் காய்ச்சலும் கூடினால் அது வாயு இல்லை. பித்தநீர் உள்ளே கசியலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனிமேல் எண்ணெய், நெய், முட்டை எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதுதானா?

வேண்டாம். முதல் சில வாரங்கள் குறைத்துக்கொள்வது வயிற்றுக்கு நல்லது. வாழ்நாள் முழுக்க ஒதுக்கினால் புரதத்தையும் சேர்த்து இழப்பீர்கள், ஏ, டி, இ, கே வைட்டமின்களைக் குடல் உறிஞ்சுவதற்குக் கொழுப்பும் வேண்டும்.

மொத்த அளவைவிட, ஒரு வேளையில் எவ்வளவு என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு நாளைக்குரிய எண்ணெயை மூன்று வேளைக்கும் பரப்புங்கள். எண்ணெயில் மிதந்து பொரிந்தவை, கொழுப்பு மிகுந்த இறைச்சி, பாலாடை மிகுந்த இனிப்புகள் ஆகியவற்றைக் கடைசியாகச் சேர்த்துப் பாருங்கள். முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, பருப்பு, தயிர் ஆகியவை பெரும்பாலோருக்குச் சீக்கிரமே ஒத்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய உணவு, அதுவும் சிறிய அளவில். இரண்டு நாள் வயிறு பேசாமல் இருந்தால் அடுத்தது.

அவருக்கு முட்டை ஆகவில்லை, எனக்குப் பால் ஆகவில்லை என்று ஒருவர் பட்டியலை இன்னொருவர் எடுத்துக்கொள்வதில் பயன் இல்லை. உங்களுக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பிறகு என்ன ஆயிற்று. மூன்று வாரம் எழுதினால் வேறு யாரும் சொல்ல முடியாத விஷயம் அதில் தெரியும். எடைக்கும் அந்த நோட்டு உதவும். டப்பாவுக்குள் போன கைகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

சாப்பிட்டு எழுந்ததும் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இது நிற்குமா?

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் நிற்கும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். கொஞ்சம் பேருக்கு நிலைத்துவிடும். அதற்கு மருந்து இருக்கிறது, எனவே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

காரணம் இது. பித்தநீரோடு குடலுக்கு வரும் பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திரும்பக் கல்லீரலுக்கு அனுப்பிவிடும். ஒரே சரக்கு நாளுக்குப் பல முறை சுற்றி வரும். பை போனபின் இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது. உறிஞ்சியது போக மிஞ்சும் அமிலம் பெருங்குடலுக்குள் நுழைந்தால், அது அங்கே நீரைச் சுரக்க வைத்து, குடலை வேகமாகத் தள்ளச் செய்யும். வயிற்றைப் புரட்டி, அவசரமாக, தண்ணீராகப் போவது அதனால்தான். காலையில் எழுந்ததும் அல்லது முதல் சாப்பாட்டுக்குப் பின் அதிகம் வருவது பலர் சொல்வது.

வீட்டிலேயே செய்யக்கூடியது: கரையும் நார்ச்சத்து. ஓட்ஸ், பருப்பு வகைகள், ஆப்பிள், இசப்கோல் ஆகியவற்றில் அது உண்டு. பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தைக் கட்டும். ஆனால் முதல் நாளே இரண்டு கரண்டி இசப்கோல் விழுங்கினால் வயிறு மத்தளமாகிவிடும். சிறிது சிறிதாக ஏற்றுங்கள், தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். காப்பி, மது, மிகுந்த காரம், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சார்பிட்டால் போன்ற இனிப்புகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் மருத்துவர் பித்த அமிலத்தைக் கட்டும் மருந்து தருவார்: கோலஸ்டிரமைன் தூள் அல்லது கோலிசெவிலம் மாத்திரை. தைராய்டு, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோலஸ்டிரமைன் அந்த மாத்திரைகளையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். அதனால் மற்ற மருந்துகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவோ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ எடுக்கச் சொல்வார்கள்.

வயிற்றுப்போக்கு இருந்தும் எடை ஏறுகிறதே, எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. வெளியேறுவது பெரும்பாலும் நீர், கலோரி இல்லை. வயிறு கெட்டுவிட்டது என்று மென்மையான மாவுப்பொருளையே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் போக்கு, காரணமில்லாமல் எடை சரிவது ஆகியவை இருந்தால் பித்தப்பை மேல் பழி போட்டுவிட்டு இருக்காதீர்கள். குடலைப் பரிசோதிக்க வேண்டும்.

எடை குறைக்க எப்போது தொடங்கலாம், எப்படி?

நடையை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். மருத்துவமனை வராந்தாவில் நடந்ததே தொடக்கம்தான். லேப்ராஸ்கோப்பி என்றால் ஓரிரு வாரத்தில் பெரும்பாலோர் அன்றாட வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். வயிற்றைக் கீறிச் செய்தது என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். கனம் தூக்குவதும் வயிற்றுத் தசைப் பயிற்சியும் மட்டும் மருத்துவர் சொல்லும் வரை, வழக்கமாக 4 முதல் 6 வாரம், பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் துளை போட்ட இடத்தில் குடலிறக்கம் வரக்கூடும். அதன்பின் வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடையும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் என்பது எல்லோருக்கும் சொல்லப்படும் அளவு. பித்தப்பை இல்லாதவருக்கென்று தனி உடற்பயிற்சி எதுவும் கிடையாது.

உணவில் எடைக் குறைப்புத் திட்டத்தை முதல் மாதமே போட வேண்டாம் என்பது என் கருத்து. காயம் ஆற வேண்டும், வயிறு புது ஏற்பாட்டுக்குப் பழக வேண்டும். அதன்பின் மூன்று விஷயங்களில் கை வைத்தால் போதும். ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும். பாதித் தட்டுக் காய்கறியாக இருக்கட்டும். ஆரம்பத்தில் வேகவைத்தது, பச்சையாகப் பிறகு. குடிக்கும் சர்க்கரையை நிறுத்துங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த மூன்றாவதுதான் அதிகம் வேலை செய்தது, அதற்குத்தான் மனசும் அதிகம் அழுதது.

கிலோவோடு இடுப்பையும் அளந்து குறித்து வையுங்கள். இடுப்பின் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. நடையும் பயிற்சியும் தொடங்கியவர்களுக்குச் சில சமயம் எடை அசையாமல் நிற்க, நாடா முதலில் நல்ல செய்தி சொல்லும்.

பைதான் இல்லையே, இனி பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் என்ன?

வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் கல் உருவாகும் அபாயம் ஏறும். பை இருப்பவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை இது. வேகமாக இளைக்கும்போது கல்லீரல் பித்தநீருக்குள் கூடுதல் கொலஸ்ட்ராலைத் தள்ளும். சாப்பிடாததால் பையும் சுருங்காமல் தேங்கி நிற்கும். உங்களுக்கு அந்தத் தேக்கம் இல்லை என்பதால் அபாயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் போகும் குழாயான பித்தநாளத்துக்குள் கல் இருக்கவோ உருவாகவோ வாய்ப்பு இன்னும் உண்டு. எனவே வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ என்பதே நிதானமான இறக்கம்.

நேரக் கட்டுப்பாட்டு விரதத்தில் வேறொரு சிக்கல். நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு ஒரே அமர்வில் பெரிய சாப்பாடு. தினக்கூலிக்காரர் தலையில் பெரிய செலவு. சிலருக்கு ஒத்துக்கொள்கிறது, பலருக்கு அந்தச் சாப்பாட்டோடு கழிப்பறை ஓட்டமும் வரும்.

எடைக் குறைப்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

செமாகுளுடைடு, டிர்ஸபடைடு போன்ற மருந்துகள் பித்தப்பைக் கல்லை வரவைக்கலாம் என்ற எச்சரிக்கையோடுதான் வருகின்றன. பை இல்லாதவருக்கு அவை தடை செய்யப்பட்டவை அல்ல. ஆனால் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், குமட்டல், போக்கு, மலச்சிக்கல் உண்டாக்கும். கணைய அழற்சி வந்தவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கல் நழுவிப்போய்க் கணைய அழற்சி வந்ததால் பை எடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆர்லிஸ்டாட் மாத்திரை கொழுப்பு உறிஞ்சுவதையே தடுப்பது. ஏற்கெனவே போக்கு இருப்பவர் அதை எடுத்தால் எண்ணெயாகக் கசியும். கேட்காமல் வாங்கி விழுங்காதீர்கள்.

எதையெல்லாம் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்?

சாப்பாடும் நடையும் சரியாக இருந்தும் எடை ஏறினால் தைராய்டைப் பாருங்கள். தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் அதிகம் காணப்படுகிறது, எடையும் கூடுகிறது. ஒரே மூலத்தின் இரண்டு கிளைகளாக இருக்கலாம். அதோடு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை. ஸ்டீராய்டு, மனச்சோர்வுக்கான சில மருந்துகள், இன்சுலின் போன்றவை எடையைக் கூட்டக்கூடியவை. ஆபரேஷனை ஒட்டிப் புதிதாக ஏதாவது மருந்து தொடங்கியதா என்றும் யோசியுங்கள்.

பித்தப்பையை எடுத்தால் கொழுப்புக் கல்லீரல் வருமாமே?

பை எடுத்தவர்களிடம் கொழுப்புக் கல்லீரல் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில மக்கள்தொகை ஆய்வுகள் சொல்கின்றன. பித்த அமிலம் செரிமானத்தோடு நின்றுவிடுவதில்லை, சர்க்கரையையும் கொழுப்பையும் உடம்பு கையாளும் விதத்துக்குச் சமிக்ஞை தரும் பொருளும்கூட. அதன் சுழற்சி மாறும்போது வளர்சிதை மாற்றத்திலும் ஏதோ மாறலாம் என்பது வலுவான சந்தேகம். ஆனால் பை எடுத்தது காரணமா, கல்லை வரவைத்த அதே உடம்புதான் கொழுப்புக் கல்லீரலையும் வரவைக்கிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நமக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து விடுகின்றன. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் கல்லைப் பற்றிய வரிக்கு மேலேயோ கீழேயோ, கல்லீரலில் கொழுப்பு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று ஒரு வரி இருக்கலாம். கல்லின் பரபரப்பில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதிக எடை உள்ளவர்களுக்கு உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணிய வாய்ப்பு உண்டு. 80 கிலோ இருப்பவருக்கு முதல் படி வெறும் 4 கிலோ.

பை எடுத்தபின்னும் அதே இடத்தில் வலிக்கிறது. எப்படி?

மூன்று சாத்தியங்கள். கல் ஒன்று ஏற்கெனவே பித்தநாளத்துக்குள் இறங்கித் தங்கியிருக்கலாம். அல்ட்ராசவுண்டு, தேவைப்பட்டால் எம்ஆர்சிபி (பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ) ஸ்கேன் காட்டிக்கொடுக்கும், எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்துவிடலாம். பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் உள்ள ‘ஒட்டி’ (Oddi) என்ற சுருக்குத்தசை சரியாகத் திறக்காமல் இருக்கலாம். அல்லது, சொல்லச் சங்கடமாக இருந்தாலும், முதலில் வந்த வலியே கல்லால் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். புண், அமிலம், குடல் எரிச்சல் நோய் இவற்றோடு வாழும் ஒருவருக்கு ஸ்கேனில் கல்லும் தெரிந்தால் பழி கல் மேல் விழுவது இயல்பு. உப்புசமும் ஏப்பமும் மட்டுமே தொந்தரவாக இருந்தவர்களுக்குப் பை எடுத்தபின் ஏமாற்றம் வருவது இதனால்தான்.

வாய் கசக்கிறது, நெஞ்சு எரிகிறது. தலை சுற்றினால் பித்தம் ஏறிவிட்டது என்கிறார்களே?

கசப்பும் எரிச்சலும் பித்தநீர் இரைப்பைக்குள் பின்னோக்கி வருவதால் இருக்கலாம், சாதாரண அமிலமாகவும் இருக்கலாம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் சாப்பிட்டு முடிப்பதும், தலைமாட்டை உயர்த்துவதும், எடை குறைவதும் உதவும்.

தலைசுற்றலை இதில் சேர்க்காதீர்கள். வாதம், பித்தம், கபம் என்று சித்த மருத்துவம் சொல்லும் பித்தம் ஒரு தத்துவக் கூறு. பித்தப்பையில் இருந்தது பச்சை மஞ்சளாக ஒரு திரவம். பெயர் ஒன்றானதால் வந்த குழப்பம். தலை சுற்றினால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள்.

கல்லீரல் சுத்திகரிப்புப் பானம், பித்த மாத்திரை, வைட்டமின்?

எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சை உருண்டைகளாகக் கல் விழும் என்பார்கள். விழுவது குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பாகத் திரண்ட உருண்டை. பை இல்லாதவருக்கு அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடிப்பது தண்டனை. மாட்டுப் பித்தத்தில் செய்த மாத்திரை, பித்த அமிலம் ஏற்கெனவே மிஞ்சிப் போக்கு இருப்பவருக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். வைட்டமின் மாத்திரை, ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மட்டும்.

வேறு மருத்துவரிடம் போகும்போது பை இல்லை என்று சொல்ல வேண்டுமா?

பல் மருத்துவரிடம்கூடச் சொல்லுங்கள். வலிக்குத் தரும் கோடீன், மார்ஃபின் போன்றவை ‘ஒட்டி’ சுருக்குத்தசையை இறுக்கி, பை இல்லாத சிலருக்கு மேல்வயிற்றில் கடும் வலியைக் கிளப்பும். குடல் எரிச்சல் நோய்க்கான எலுக்ஸடொலைன் என்ற மருந்தைப் பித்தப்பை இல்லாதவருக்குத் தரவே கூடாது. கணைய அழற்சி ஆபத்து காரணமாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. ஸ்கேன் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லாத பையைத் தேடிக்கொண்டிருப்பார்.

எப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது?

கண்ணோ தோலோ மஞ்சளானால். சிறுநீர் கறுத்து, மலம் வெளிறிப் போனால். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியோடு நிற்காமல் இருந்தால். இவை நாளத்தில் அடைப்பு, தொற்று, கணைய அழற்சி ஆகியவற்றின் அறிகுறிகள். பை எடுத்துப் பத்து ஆண்டு ஆகியிருந்தாலும் இதே விதிதான். ‘எனக்குத்தான் பையே இல்லையே’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எத்தனை காலம் இப்படிப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவது?

வயிற்றுக்காக என்றால், பெரும்பாலோருக்குச் சில மாதம். ஒரு நாள் விருந்தில் உட்கார்ந்து வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு, கழிப்பறை எங்கே என்று பார்க்க மறந்துவிட்டதை வீட்டுக்கு வந்தபின் கவனிப்பீர்கள். எனக்கு அது எட்டாவது மாதம். எடைக்காக என்றால் அந்த நோட்டு இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. தினமும் எழுதுவதில்லை. நாடா ஒரு விரற்கடை கூடுதலாகக் காட்டும் மாதத்தில் மட்டும் எடுக்கிறேன்.